உறுதிமொழி எடுத்துச் சொன்ன நன்றியுரை

போன வாரம் என் மகன் சட்டை போடாமல் ஒரு நகர்மன்றக் கூட்டத்தில் கலந்துகொண்டான். பதறாதீர்கள், கேமராவை அணைத்துத்தான் வைத்திருந்தான். பள்ளியில் அரசாட்சி பற்றிய கவர்ன்மென்ட் பாடத்துக்காக ஊர்க்கூட்டம் ஒன்றைப் பார்த்துவிட்டு வர வேண்டுமாம். சோபாவில் சாய்ந்துகொண்டு, வயிற்றின்மேல் லேப்டாப், கைக்கெட்டும் தூரத்தில் சிப்ஸ் பொட்டலம். திரையில் சின்னச்சின்னக் கட்டங்களுக்குள் ஏழெட்டுப் பேர் கழிவுநீர்க் குழாய் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நாற்பது நிமிஷத்தில் லேப்டாப்பை மூடினான்.

"ஏதாவது பேசினியாடா?" என்று கேட்டேன்.

"ஒய் உட் ஐ? எல்லாரையும் ம்யூட் பண்ணிருக்காங்கம்மா."

அவன் கலந்துகொண்டதற்கான அத்தாட்சி தானாகவே டீச்சருக்குப் போய்விட்டதாம். கையெழுத்து? அப்படியென்றால் என்ன என்பதுபோலப் பார்த்தான். நான் சமையலறைக்குப் போய், தேவையே இல்லாமல் ஒரு பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மூக்கில் திடீரென்று தரை மெழுகு, ஆறிப்போன காபி, அந்துருண்டை மூன்றும் கலந்த ஒரு வாசனை. முதல் இரண்டும் நியூஜெர்சியில் நான் வளர்ந்த ஊரின் நகராட்சிக் கட்டடத்துக்குச் சொந்தமானவை. அந்துருண்டை மட்டும் எங்கள் வீட்டு உபயம்.

ஊர்ப் பெயர் வேண்டாம். நம் கடைகள் நிறைந்த ஐசலினில் இட்லி மாவும் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு அரைமணி நேரம் வண்டி ஓட்டினால் வந்துவிடும் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தொண்ணூற்றெட்டாம் வருடக் கோடை. நான் பதினொன்றாம் வகுப்பு முடித்திருந்தேன். ஒன்பது வயதில் கோபிசெட்டிபாளையத்திலிருந்து வந்து இறங்கியவள். வீட்டில் தமிழ், வெளியில் மௌனம் என்று எட்டு வருடம் ஓட்டியிருந்தேன். மிகைப்படுத்தவில்லை. ரிப்போர்ட் கார்டில் எல்லா டீச்சர்களும் ஒரே வரியைத்தான் எழுதுவார்கள், நன்றாக எழுதுகிறாள், வகுப்பில் பேசுவதில்லை என்று. சரித்திர வகுப்பில் ஒரு வருடம் முழுவதும் நான் வாய் திறந்து சொன்னது 'ப்ரெசென்ட்' ஒன்றுதான்.

அந்தக் காலத்தில் நம் ஜனங்கள் நடுவே ஒரு பழக்கம் இருந்தது. இப்போதும் இருக்கலாம். ஹைஸ்கூலில் படிக்கிற பிள்ளை எதிரே வந்தால் நல்லாருக்கியா, சாப்பிட்டியா எல்லாம் கிடையாது, "எத்தன ஏ.பி.?" என்றுதான் கேட்பார்கள். காலேஜ் தரத்தில் ஹைஸ்கூலிலேயே நடக்கிற மேல்வகுப்புகளுக்கு ஏ.பி. என்று பெயர். கால்குலஸ், ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி என்று ஒரு பையனின் ஏ.பி. எண்ணிக்கையை அவன் அப்பா சொல்லும்போது முகத்தில் வருகிற ஒளியை, பிள்ளை பிறந்த அன்றைக்குக்கூட யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நான் ஏ.பி. கவர்ன்மென்ட் எடுக்க ஆசைப்படுகிறேன் என்றபோது தமிழ்ச் சங்கத்து அங்கிள் ஒருவர் உண்மையிலேயே கவலைப்பட்டார். "எதுக்கும்மா? கவர்ன்மென்ட் வேலைக்கா போகப் போற?"

ஏன் ஆசைப்பட்டேன் என்று கேட்டால் அன்றைக்குச் சொல்லத் தெரியாது. அந்த வகுப்பில் மேஜைகளை வட்டமாகப் போட்டிருப்பார்கள், எல்லாரும் கத்திக் கத்தி வாதாடுவார்கள். நான் தாழ்வாரத்தில் போகும்போது கதவுக் கண்ணாடி வழியாகப் பார்ப்பேன். பேசாத பிள்ளைக்குப் பேசுகிறவர்களைப் பார்த்தால் ஒரு ஏக்கம் வருமே, அதுதான்.

பாடம் நடத்துகிறவர் மிஸ்டர் டொனெல்லி. அவர் வகுப்பில் சேர நான் பெயர் கொடுத்தபோது என் பழைய ரிப்போர்ட் கார்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரு தாள் கொடுத்தார். கோடை விடுமுறை வேலைகள். புத்தகத்தில் ஐந்து அத்தியாயம் படித்துக் குறிப்பெடுக்க வேண்டும். பத்துப் பத்திரிகைச் செய்தி வெட்டி ஒட்ட வேண்டும். ஊரில் நடக்கும் பொதுக்கூட்டம் ஒன்றுக்குப் போய், மைக் முன்னால் நின்று ஒரு கேள்வியாவது கேட்டு, அந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிறவரிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும். கடைசி வரியின் கீழே கோடு போட்டார்.

"இது எல்லாருக்கும் உள்ளதுதான். ஆனால் உன் விஷயத்தில் எனக்கு இந்தக் கையெழுத்துதான் முக்கியம். அது இல்லாமல் வராதே. உன் இடத்துக்கு இன்னொரு பெண் காத்திருக்கிறாள்" என்றார். நல்ல மனிதர். கண்டிப்பாகச் சொல்லும்போது காது மட்டும் சிவக்கும்.

படிப்பது எனக்குப் பிரச்சினையே இல்லை. அம்மாவே தயார் செய்துவிட்டாள். அம்மா ஒரு டேகேரில் வேலை பார்த்தாள், பகலெல்லாம் மூன்று வயதுக் குழந்தைகளை மேய்த்துவிட்டு வந்து மாலையில் என்னை மேய்ப்பாள். புத்தகத்தைச் சமையல் மேடையில் ரைஸ் டப்பாவின் மேல் சாய்த்து வைத்துக்கொள்வாள். குக்கர் ஒரு விசில் அடித்தால் நான் ஒரு அரசியல் சட்டத் திருத்தத்தை ஒப்பிக்க வேண்டும். பருப்புக்கு நாலு விசில், சாதத்துக்கு மூணு, ஆக ஏழாவது திருத்தம்வரை தினமும் தண்ணீர்பட்ட பாடு. எட்டாவதுக்குக் கொண்டைக்கடலை போட்டால்தான் உண்டு. இன்றைக்கும் யாராவது பேச்சுரிமை என்றால் எனக்குப் பெருங்காய வாசனை வருகிறது.

கூட்டம்தான் வாய்க்கவில்லை. ஜூனில் நகர்மன்றத்துக்குப் போனேன். கேள்வியை ஒரு அட்டையில் எழுதி வைத்திருந்தேன். "பொதுமக்கள் யாராவது?" என்று கேட்டபோது அட்டையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினேன். ஜூலையில் பள்ளி நிர்வாகக் குழுவின் கூட்டம். அதே அட்டை, அதே நாற்காலி, அதே நான். அட்டையின் ஓரம்தான் வியர்வையில் நைந்திருந்தது. ஆகஸ்டில் மீதமிருந்தது ஒரே கூட்டம், திட்டக் குழுவினுடையது. ஊரில் யார் எங்கே என்ன கட்டலாம் என்று தீர்மானிக்கிற குழு. அதை விட்டால் பள்ளி திறந்துவிடும்.

"நான் வேணா கூட வாரேன் அம்முணி. பக்கத்துல ஆளிருந்தா தைரியமா இருக்குமில்ல" என்றார் அப்பா.

இங்கே அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்பா ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கிக்கு கான்ட்ராக்டில் கம்ப்யூட்டர் வேலை செய்துகொண்டிருந்தார். அது வயிற்றுப்பாட்டுக்கு. அவருடைய உண்மையான தொழில் நன்றியுரை. எங்கள் வட்டாரத் தமிழ்ச் சங்கத்தில் பொங்கலோ சித்திரையோ எந்த விழாவானாலும் தமிழ்த்தாய் வாழ்த்து ஒருத்தர், குத்துவிளக்கு ஒருத்தர், வரவேற்புரை ஒருத்தர், தலைமையுரை ஒருத்தர் என்று ஆள் மாறிக்கொண்டே இருக்கும். நன்றியுரை மட்டும் அப்பா. பதவி ஆசை எனக்கில்லீங்க என்பார். கொஞ்சம் இருந்தது என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

நன்றியுரை சொல்கிறவனின் கஷ்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவன் மைக்கைப் பிடிக்கும் நேரத்தில்தான் பின்னால் புளியோதரை டிரேயின் மூடியைத் திறப்பார்கள். நாற்காலிகள் கிரீச்சிடும், குழந்தைகளுக்குக் கோட்டு மாட்டுவார்கள். யாரும் கேட்காத சபையில் அப்பா ஒருத்தர் விடாமல் பெயர் சொல்லி நன்றி சொல்வார். மைக் சரிசெய்தவர், ஐஸ்கட்டி வாங்கி வந்தவர், ஹாலின் சாவியைக் கொடுத்த ஸ்பானிஷ்காரர் என்று எல்லாரும் இருப்பார்கள். விழா தொடங்கும் முன்பே ஒவ்வொருவரிடமும் போய்ப் பெயரைக் கேட்டு, ஓரத்தில் ஓட்டை ஓட்டையாக இருக்கும் கம்ப்யூட்டர் தாளில் எழுதிக்கொள்வார். "ஒரு பேரு விட்டுப்போச்சுன்னா அந்த மனுசன் அடுத்த தடவ வரமாட்டான் கண்ணு" என்பார். இவ்வளவையும் நான் கேட்டுத் தெரிந்துகொண்டது வீட்டில் அவர் ஒத்திகை பார்க்கும்போதுதான். மேடையில் அவர் பேசும்போது நான் புளியோதரை வரிசையில் முதல் ஆளாக நிற்பேன்.

மேடைக்கு வேண்டிய பொன்னாடைகளை வாங்கி வைப்பதும் அவர் பொறுப்புதான். ஊருக்குப் போகும்போதெல்லாம் ஈரோட்டிலிருந்து கட்டாக வாங்கி வந்து, அந்துருண்டை போட்டு, கட்டிலுக்கடியில் ஒரு பச்சை சூட்கேஸில் வைத்திருப்பார். விழாவன்று தட்டில் ஏந்திக்கொண்டு தலைவர் பின்னாலேயே நிற்பார். தலைவர் எடுத்துப் போர்த்துவார், போட்டோவில் அப்பாவின் முழங்கை மட்டும் விழுந்திருக்கும்.

கூட்டத்துக்குக் கிளம்பும்போது அப்பா கையில் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"ஏனுங்க, அது ஆபீசருங்க கூட்டமுங்க. போனமா, சும்மா உக்காந்தமான்னு வாங்க."

"சும்மாதான் கண்ணு போறோம்" என்றார். பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

ஏழரை மணிக்குக் கூட்டம். வெளியே வெயில் இன்னும் மரங்களின்மேல் கிடந்தது. நகராட்சி ஹாலில் நீண்ட மேஜைக்குப் பின்னால் ஐந்து பேர். மொத்தம் ஒன்பது பேர் இருக்க வேண்டிய குழு, ஆகஸ்ட் என்பதால் மற்றவர்கள் கடற்கரைக்குப் போய்விட்டார்கள். ஐந்து பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும், ஒருத்தர் எழுந்து போனாலும் கலைக்க வேண்டியதுதான் என்பது குக்கர் விசிலுக்கு நடுவே படித்ததில் எனக்குத் தெரியும். நடுவில் தலைவி, அறுபது வயதிருக்கும், வெள்ளைக் கட்டை முடி, மூக்கின் நுனியில் கண்ணாடி. ஓரத்தில் குழுவின் வக்கீல். கீழே குறிப்பெடுக்கும் அம்மாள். பார்வையாளர் பக்கத்தில் நாங்கள் இருவர், ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த ஒரு பாட்டியம்மா, அப்புறம் கட்டடக்காரர் ஒருவரும் அவருடைய வக்கீலும்.

எல்லாரும் எழுந்து கொடி வணக்கம் சொன்னார்கள். அப்பா திருப்தியாகத் தலையசைத்தார். "தமிழ்த்தாய் வாழ்த்து மாதிரி" என்று என் காதில் சொன்னார். அப்புறம் தலைவி, இந்தக் கூட்டம் பற்றி முறைப்படி பத்திரிகையில் அறிவிப்பு வந்திருக்கிறது என்று கடகடவென வாசித்தார். அது வரவேற்புரை என்று அப்பா கணக்கில் வைத்துக்கொண்டார். பையிலிருந்து ஓட்டைத் தாளை எடுத்து, மேஜைமேல் இருந்த பெயர்ப்பலகைகளைப் பார்த்து எழுதத் தொடங்கியபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் என் அட்டையில் முழுகிக் கிடந்தேன்.

விவகாரம் இதுதான். எங்கள் அபார்ட்மென்டுக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் நடுவே உள்ள சாலையில் அந்தக் கட்டடக்காரர் ஒரு கடை வரிசை கட்டப் போகிறார். கட்டுகிறவர் முன்னால் நடைபாதையும் போட்டுத் தர வேண்டும் என்பது ஊர் விதி. அதிலிருந்து தனக்கு விலக்கு வேண்டும் என்று கேட்டிருந்தார். அவருடைய வக்கீல் எழுந்து கோட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டு சொன்னார், "அந்தச் சாலையில் யாரும் நடப்பதில்லை."

நான் அப்பாவைப் பார்த்தேன். எங்களிடம் இருந்தது ஒரே கார், அது அம்மாவோடு எதிர்த்திசையில் டேகேருக்குப் போய்விடும். அப்பா மூன்று வருடமாக அந்தச் சாலையின் ஓரத்தில், டிபன் பையோடு, காலையும் மாலையும் நடந்துகொண்டிருந்தார். பனிக்காலத்தில் ஓரமெல்லாம் பனியைத் தள்ளிக் குவித்துவிடுவார்கள். அப்போது சாலையிலேயே இறங்கி நடப்பார்.

"பொதுமக்கள் யாராவது பேச விரும்புகிறீர்களா?" என்றார் தலைவி.

என் வாழ்க்கையில் அதைவிடச் சுலபமான வாய்ப்பு வந்ததில்லை. அட்டையில் எழுதிய கேள்விகூடத் தேவையில்லை, என் அப்பா நடக்கிறார் என்று சொன்னால் போதும். நான் அட்டையின் நைந்த ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். அப்பா முழங்கையால் இடித்தார். "போ கண்ணு." எழவில்லை. தலைவி இடமிருந்து வலமாக ஒருமுறை பார்த்துவிட்டு, சரி, முடிக்கலாம் என்பதுபோலக் காகிதத்தை எடுத்தார். அந்த நொடியில் அப்பா எழுந்தார்.

எனக்காகத்தான் எழுந்தார் என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் கேட்டபோது உண்மையைச் சொன்னார். "அதுவும்தான். ஆனா அவிய கூட்டத்த முடிக்கப் பாத்தாங்க கண்ணு, நன்றியுரையே இல்லாம."

விசாரணையில் பேசுகிற யாரும் உண்மையே பேசுவேன் என்று உறுதிமொழி எடுக்க வேண்டும். குழுவின் வக்கீல் வலது கையை உயர்த்தச் சொன்னார். பெயர், முகவரி கேட்டார். தமிழ் கூறும் நல்லுலகில் உறுதிமொழி எடுத்துக்கொண்டு நன்றியுரை ஆற்றியவர் என் அப்பா ஒருவராகத்தான் இருப்பார்.

தொண்டையைச் செருமிக்கொண்டு ஆங்கிலத்தில் தொடங்கினார். இந்த இனிய மாலைப்பொழுதில், தங்கள் பொன்னான நேரத்தை ஊருக்காகச் செலவிடும் பெருமதிப்பிற்குரிய தலைவி அவர்களுக்கு நன்றி என்றார். ஐந்து பேரையும் பெயர் சொல்லித் தனித்தனியாக. பிறகு குழுவின் வக்கீலுக்கு. பிறகு ஒரு எழுத்தும் சிந்தாமல் குறிப்பெடுக்கும் அம்மாளுக்கு, அவர் தனக்கான நன்றியையும் குறிப்பெடுத்துக்கொண்டார். எதிர்த்தரப்பு வக்கீலின் தெளிவான உரைக்கு. கட்டடக்காரருக்கு. பின்னல் பாட்டியம்மாவுக்கு, அவர் பெயரையும் எப்போது கேட்டாரோ தெரியாது. கடைசியில் நாற்காலி போட்டு, தரை மெழுகிய ஊழியருக்கு. கதவோரம் துடைப்பத்தோடு நின்றிருந்த அவர் தன் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து நின்றார்.

ஒருத்தர்கூட எழுந்து போகவில்லை. போக முடியாது, சட்டப்படி கேட்டுத்தான் ஆக வேண்டும். அப்பா அதை உணர்ந்துகொண்டது அவர் குரலிலேயே தெரிந்தது. இவ்வளவு நிதானமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

அதோடு முடித்திருக்கலாம். நம் மேடைகளில் நன்றிக்குப் பிறகு பொன்னாடை, பொன்னாடைக்குப் பிறகு கோரிக்கை. அது ஒரு வரிசை. அப்பா பிளாஸ்டிக் பையைப் பிரித்தார். ஹால் முழுக்க அந்துருண்டை வாசனை. மெரூன் கலரில் அரை முழம் ஜரிகைக் கரை போட்ட பொன்னாடையை உதறி, மேஜையைச் சுற்றிக்கொண்டு போய், என்ன ஏது என்று தலைவி கேட்பதற்குள் அவர் தோளில் போர்த்தி, கைகூப்பிவிட்டு, அதே மூச்சில், "அம்மா, அந்தச் சாலையில் ஒரு நடைபாதை வேண்டும்" என்றார்.

கட்டடக்காரரின் வக்கீல் நாற்காலி பின்னால் சாயும் வேகத்தில் எழுந்தார்.

ஆட்சேபணை என்றார். வாக்களிக்கப் போகும் தலைவிக்கு ஒரு தரப்பு அன்பளிப்பு கொடுத்துவிட்டு உடனே சலுகையும் கேட்கிறது, எல்லார் கண்ணெதிரிலும் என்றார். ஆகவே தலைவி இந்த விஷயத்திலிருந்து விலக வேண்டும். அவர் விலகினால் நாலு பேர், கூட்டம் செல்லாது. வேறு நாள் குறிக்க வேண்டும். அதற்குள் பள்ளி திறந்துவிடும். தலைவி அவசரமாகப் பொன்னாடையைக் கழற்றி, சிரித்த முகத்தோடுதான், அப்பாவிடம் நீட்டினார்.

அப்பா இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். "இல்லைங்க மேடம். போர்த்தியதைத் திருப்பி வாங்க மாட்டோம். அது உங்களுக்கு அவமரியாதை."

அவர் நீட்ட, இவர் பின்வாங்க, ஓர் ஆர்ப்பாட்டமும் இல்லாமல் மேஜையோரம் பாதி தூரம் போய்விட்டார்கள். குழுவின் வக்கீல் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். வைத்துக்கொண்டால் அன்பளிப்பு, திருப்பிக் கொடுத்தால் வாங்க ஆளில்லை. இது தீரும்வரை இந்தக் குடும்பம் சம்பந்தப்பட்ட எந்தக் காகிதத்திலும் தலைவி இன்று கையெழுத்துப் போடாமல் இருப்பது நல்லது என்றார்.

என் மடியில் இருந்தது அந்தக் காகிதம். வட்டமாகப் போட்ட மேஜைகளில் ஒரு நாற்காலியில் அந்த இன்னொரு பெண் போய் உட்காருவது எனக்குத் தெரிந்தது. அதைவிட, என் அப்பா லஞ்சம் கொடுத்த மனிதர் என்று அங்கே குறிப்பேட்டில் ஏறப் போகிறது. அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, யாருக்காவது உதவ முடியுமா என்பதுபோல ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார். தான் என்ன தப்பு செய்தோம் என்று அவருக்கு விளங்கவே இல்லை.

எப்போது எழுந்தேன் என்று தெரியாது. மைக் முன்னால் நின்றுகொண்டிருந்தேன், வலது கை உயர்ந்திருந்தது.

"பொன்னாடைக்குப் பதிலாக அவருக்கு எதுவும் வேண்டாம்" என்றேன். குரல் யாருடையதோ போலிருந்தது. "இது எங்கள் வழக்கம். எல்லாருக்கும் போடுவார். எங்கள் வீட்டுக் கட்டிலுக்கடியில் இன்னும் பதினோரு பொன்னாடை இருக்கிறது."

பாட்டியம்மா சிரித்துவிட்டார். அது எனக்குத் தெம்பாக இருந்தது.

"எங்கள் மேடையில் பொன்னாடை வாங்குகிறவர்கள் அதை வைத்துக்கொள்வதில்லை. பக்கத்தில் இருக்கும் வேறொருவருக்குப் போர்த்திவிடுவார்கள். அதில் தப்பில்லை. நீங்களும் யாருக்காவது போர்த்தலாம்." மூச்சு வாங்கியது. "அவருக்கே போர்த்தலாம்."

குழுவின் வக்கீல் பேனாவை வாயில் வைத்துக்கொண்டு யோசித்தார். "கொடுத்தவருக்கே போர்த்தினால், என் கணக்கில் அது திருப்பிக் கொடுத்ததாகிவிடும்" என்றார். அப்பாவைப் பார்த்து, "உங்கள் கணக்கில்?" என்று கேட்டார்.

அப்பா வாய் திறப்பதற்குள் தலைவி பொன்னாடையோடு முன்னால் வந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, ஜரிகை வெளியே தெரிகிற மாதிரி திருப்பி, பொறுமையாக அப்பாவின் தோளில் போர்த்தினார். கைகூப்பவும் செய்தார், கொஞ்சம் கோணலாக. வருடக்கணக்காகக் கட்டுக்கட்டாகப் பொன்னாடை வாங்கிச் சுமந்தவருக்கு, ஒன்று தன் தோளில் விழும்போது எப்படி நிற்பது என்று தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். துடைப்பத்தோடு நின்றவர் கைதட்டினார்.

நான் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் வாய் திறந்துவிட்டால் மூடுவது அவ்வளவு சுலபமில்லை என்று அன்றைக்குத்தான் கண்டுகொண்டேன். "அந்தச் சாலையில் யாரும் நடப்பதில்லை என்று சொன்னார்கள். இவர் நடக்கிறார்" என்றேன். எத்தனை நாள் என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். வாரத்துக்கு ஐந்து நாள், இரண்டு வேளை என்றேன். குளிர்காலத்தில் இருட்டியபின் அவர் வர நேரமானால் அம்மா ஜன்னலைவிட்டு நகர மாட்டாள் என்றேன். ஐந்தாவது திருத்தம், பதினாலாவது திருத்தம் என்று ஏதேதோகூடச் சொன்னேன். நடைபாதைக்கும் அவற்றுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. யாரும் தடுக்கவில்லை. நாலுக்கு ஒன்று என்ற வாக்கில் விலக்கு மறுக்கப்பட்டது.

தலைவி என் தாளில் கையெழுத்திட்டார். கேள்வி கேட்டாளா என்ற இடத்துக்குப் பக்கத்தில், கேட்கவில்லை, பதில் சொன்னாள், நிறையவே சொன்னாள் என்று எழுதினார். அதன் கீழே குழுவின் வக்கீல், அன்பளிப்பு எதுவும் பெறப்படவில்லை என்று தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்தார்.

வீடு திரும்பும்வரை அப்பா பொன்னாடையைக் கழற்றவில்லை. சீட் பெல்ட்டை அதன்மேலேயே போட்டுக்கொண்டார். கதவைத் திறந்த அம்மா நின்றுவிட்டாள்.

"ஏனுங்க, குடுக்கலீங்களா?"

"குடுத்தேன். எனக்கே போத்தீட்டாங்க."

"யாரு?"

அப்பா செருப்பைக் கழற்றியபடி, மிகச் சாதாரணமாகச் சொன்னார். "கவர்ன்மென்ட்டு."

பள்ளி திறந்த அன்று மிஸ்டர் டொனெல்லி அந்தத் தாளை இரண்டு முறை படித்தார், காது சிவந்தது. வட்டத்தில் ஒரு நாற்காலியைக் காட்டி, உட்கார்ந்து கதையைச் சொல் என்றார். சொன்னேன். அதற்கப்புறம் வருடம் முழுக்க என் பேச்சை நிறுத்தத்தான் அவர் பாடுபட்டார். ஏ.பி. பரீட்சையில் ஐந்துக்கு ஐந்து வாங்கினேன் என்று எழுத ஆசைதான், வாங்கியது நாலு. சங்கத்து அங்கிள் என்னைப் பார்த்து, "பரவால்லம்மா, கவர்ன்மென்ட்டுல நாலு போதும்" என்று தேற்றினார். அந்தப் பொங்கல் விழாவில் அப்பா நன்றியுரை சொல்லும்போது நான் நாற்காலியில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டேன். சாப்பிடப் போனபோது புளியோதரை தீர்ந்துபோயிருந்தது.

கடை கட்டி, நடைபாதை போட இரண்டாயிரத்தொன்று வசந்தம் ஆகிவிட்டது. அதே வசந்தத்தில் வங்கி கான்ட்ராக்ட்காரர்களையெல்லாம் அனுப்பியது. அப்பாவுக்கு டெக்சாஸில் வேலை கிடைத்தது, நாங்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். அன்று காலையில்தான் சிமென்ட் போட்டிருந்தார்கள், ஈரம் காயவில்லை, ரெண்டு பக்கமும் மஞ்சள் பட்டை கட்டியிருந்தது. அப்பா காரை மெதுவாக ஓட்டச் சொல்லி ஜன்னலை இறக்கிப் பார்த்தார். "நல்லா அகலமாத்தான் போட்டிருக்காங்க" என்றார். அவர் அதில் ஒரு நாள்கூட நடக்கவில்லை.

அப்பா போய் ஆறு வருடமாகிறது. போன வருடம் ஒரு கல்யாணத்துக்காக அந்தப் பக்கம் போனபோது வண்டியை நிறுத்தினேன். அபார்ட்மென்ட் இல்லை, இடித்துவிட்டுக் கிடங்கு கட்டியிருக்கிறார்கள். கடை வரிசை மூடிக் கிடக்கிறது. அந்த பஸ்ஸே இப்போது ஓடுவதில்லை. நகராட்சிக் கூட்டமும் அங்கே திரையில்தான் நடக்கிறதாம். சங்கத்திலும் நேரமாகிறது என்று நன்றியுரையை எடுத்துவிட்டு, பெயர்களை ஒரு ஸ்லைடில் ஓட்டிவிடுகிறார்களாம்.

நடைபாதை மட்டும் இருக்கிறது. இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தேன், பன்னிரண்டு நிமிஷம். எதிரே ஒருத்தரும் வரவில்லை. முடிவில் வந்து நின்றபோது யாருக்காவது நன்றி சொல்ல வேண்டும்போல இருந்தது. தலைவிக்கு, அந்த வக்கீலுக்கு, பின்னல் பாட்டியம்மாவுக்கு, கைதட்டிய ஊழியருக்கு. அப்பாவாக இருந்தால் அத்தனை பேரையும் வரிசை மாறாமல் சொல்லியிருப்பார். நான் நின்று நின்று யோசித்தேன். எனக்கு ஒருத்தர் பெயர்கூட நினைவுக்கு வரவில்லை.